டெண்டரில் வரும் முன்மொழிவுகளை வாங்குபவர்கள் எப்படி மதிப்பிடுகிறார்கள்? குறைந்த விலை கேட்டவருக்குத்தான் ஒப்பந்தம் கிடைக்குமா?

கடைசியில் விலையைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள் என்றால் பக்கம் பக்கமாகத் தொழில்நுட்ப விவரம் கேட்பது எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்கும் தரப்பின் மதிப்பீட்டுக் குழுக்களில் உறுப்பினராக இருந்து வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். யார் வெல்வார் என்பதில் பெரும்பகுதி, உறைகளைப் பிரிப்பதற்கு முன்பே, டெண்டர் ஆவணத்தில் மதிப்பீட்டு முறையை எழுதும்போதே முடிவாகிவிடுகிறது.

எந்த டெண்டரிலும் முதலில் நடப்பது தகுதிச் சரிபார்ப்பு. கடைசி நேரத்துக்குள் வந்து சேர்ந்ததா, கையொப்பம் இருக்கிறதா, முன்வைப்புத் தொகை (பங்கேற்பவர் உத்தரவாதமாகக் கட்டும் பணம்) கட்டப்பட்டிருக்கிறதா, கேட்ட சான்றிதழ்கள் இணைக்கப்பட்டிருக்கின்றனவா, விலை எத்தனை நாள் செல்லுபடியாகும் என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்போம். இங்கே மதிப்பெண் கிடையாது. உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். நல்ல நிறுவனங்கள்கூட இந்தக் கட்டத்தில் வெளியேறுவதைப் பார்க்கும்போது வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் கட்டாயம் என்று அறிவித்த ஒரு நிபந்தனையை ஒருவருக்கு மட்டும் தளர்த்தினால், அதே நிபந்தனையைப் பார்த்து ஒதுங்கிக்கொண்ட மற்றவர்களுக்கு அநீதி இழைத்தவர்கள் ஆவோம்.

அடுத்து தொழில்நுட்ப மதிப்பீடு. தொழில்நுட்ப விவரமும் விலையும் தனித்தனி உறைகளில் வரும் இரண்டு உறை முறையில், இது முடியும்வரை விலை உறை பிரிக்கப்படாது. விலை தெரிந்துவிட்டால், மலிவாகக் கேட்டவரின் குறைகள் சிறியவையாகத் தோன்றத் தொடங்கும் என்பதுதான் இதற்குக் காரணம். ஒவ்வோர் உறுப்பினரும் முதலில் தனியாகப் படித்து மதிப்பெண் இட வேண்டும். மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் காரணத்தையும், முன்மொழிவில் அதற்கு ஆதாரமான பக்க எண்ணையும் எழுத வேண்டும். அந்தக் காரணக் கட்டத்தை எப்படி நிரப்புவோம் என்று தெரிந்துகொண்டால் மதிப்பீடு முழுவதும் புரிந்துவிடும். “எங்களிடம் அனுபவம் வாய்ந்த பராமரிப்புக் குழு உள்ளது” என்று ஒருவர் எழுதியிருந்தால் அந்தக் கட்டத்தில் எழுத எனக்கு எதுவும் கிடைப்பதில்லை. “பழுது பற்றித் தகவல் வந்த 4 மணி நேரத்துக்குள் பணியாளர் வருவார்; உதிரி பாகங்கள் இருப்பில் உள்ளன, பட்டியல் இணைப்பில்; பொறுப்பாளரின் பணி விவரம் 31ஆம் பக்கத்தில்” என்று இன்னொருவர் எழுதியிருந்தால், மதிப்பெண் தருவதற்கான ஆதாரத்தை அவரே என் கையில் கொடுத்துவிடுகிறார். முதலாமவர் உண்மையிலேயே திறமையானவர் என்பது எனக்குத் தனிப்பட்ட முறையில் தெரிந்திருந்தாலும், தாளில் இல்லாத ஒன்றுக்கு நான் மதிப்பெண் தர முடியாது, தரவும் கூடாது.

பிறகு குழுவாகக் கூடுவோம். ஒரே பதிலுக்கு ஒருவர் 5க்கு 4ம் இன்னொருவர் 2ம் தந்திருந்தால், சராசரி 3 என்று போட்டுவிட்டு நகர்வது சோம்பேறித்தனம் என்பது என் உறுதியான கருத்து. இருவரில் ஒருவர் ஏதோ ஒரு பக்கத்தைத் தவறவிட்டிருப்பார், அல்லது அளவுகோலை வேறு விதமாகப் புரிந்துகொண்டிருப்பார். அதைக் கண்டுபிடித்துப் பேசி முடிவு செய்வதற்குத்தான் அந்தக் கூட்டம்.

விலைக்கு மதிப்பெண் தரும் சூத்திரத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பரவலாக உள்ள முறையில், மிகக் குறைந்த விலைக்கு முழு மதிப்பெண். மற்றவர்களுக்கு, குறைந்த விலையை அவரவர் விலையால் வகுத்துக் கிடைக்கும் விகிதத்தில் மதிப்பெண். தரத்துக்கு 70, விலைக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். முதல் நிறுவனம் தரத்தில் 100க்கு 80 வாங்கி 100 விலை கேட்கிறது. இரண்டாவது நிறுவனம் தரத்தில் 72 வாங்கி 80 விலை கேட்கிறது. முதலாவதின் மொத்தம், தரத்துக்கு 56ம் விலைக்கு 24ம் சேர்ந்து 80. இரண்டாவதின் மொத்தம், 50.4ம் 30ம் சேர்ந்து 80.4. ஆகவே இரண்டாவதே வெற்றி பெறும். இப்போது தரத்தில் 50 மட்டுமே வாங்கி, 40 விலை கேட்கும் மூன்றாவது நிறுவனம் ஒன்று உள்ளே வருகிறது. அதன் மொத்தம் 65. ஆனால் அது வந்ததால் முதலாவதின் மொத்தம் 68 ஆகவும் இரண்டாவதின் மொத்தம் 65.4 ஆகவும் மாறி, முதல் நிறுவனம் வென்றுவிடுகிறது. கடைசி இடம் பிடித்த ஒருவர், முன்னால் இருந்த இருவரின் வரிசையைத் தலைகீழாக்கிவிட்டார். பிறர் விலையைச் சாராமல், முன்கூட்டியே அறிவித்த ஒரு தொகையோடு ஒப்பிட்டு மதிப்பெண் தரும் சூத்திரத்தில் இந்தச் சிக்கல் எழாது. டெண்டர் ஆவணம் எழுதும் வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் நான் அதைத்தான் வலியுறுத்துகிறேன்.

வாங்கும் விலையோடு கணக்கு முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மின்சாரச் செலவு, பராமரிப்பு, கடைசியில் அப்புறப்படுத்தும் செலவு ஆகியவற்றைச் சேர்த்து ஆயுட்காலச் செலவாகப் பார்ப்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுக் கொள்முதல் நெறிமுறை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. விலை இயல்புக்கு மாறாகக் குறைவாகத் தோன்றினால் வழங்குநரிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. மலிவாகக் கேட்டதற்காக மட்டும் ஒருவரை விலக்குவது தவறு. அந்த விலையில் எப்படிச் செய்து முடிப்பார் என்று கேட்காமல் ஒப்பந்தம் தருவதும் தவறு.

எனவே அடுத்த டெண்டருக்கு எழுத உட்காரும் முன் மதிப்பீட்டுப் பகுதியைப் படித்து, ஒவ்வோர் அளவுகோலுக்கும் எத்தனை மதிப்பெண் என்று குறித்துக்கொள்ளுங்கள். 20 மதிப்பெண் உள்ள கேள்விக்கு அரைப் பக்கமும் 5 மதிப்பெண் உள்ள கேள்விக்கு ஆறு பக்கமும் எழுதி அனுப்புபவர்கள் ஏராளம். தோற்றுவிட்டால், அளவுகோல் வாரியாக உங்கள் மதிப்பெண்ணையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். பல நாடுகளின் கொள்முதல் விதிகள் இந்த உரிமையைத் தருகின்றன. ஒழுங்காக வேலை செய்த குழுவிடம் அந்தக் காரணங்கள் ஏற்கெனவே எழுதித் தயாராக இருக்கும்.