வாசகர் கேள்வி – பதில்: காணொலி வகுப்பறையில் முதலில் குரல் கேட்கட்டும்

வகுப்பறைகளில் பொருத்தப்படும் புரொஜெக்டர், மைக், கேமரா, காணொலி உரையாடல் கருவிகள் ஆகியவற்றைப் பற்றிச் சென்னைக் கல்லூரிகளிலிருந்தும் பல்கலைக்கழகத் துறைகளிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

உதவிப் பேராசிரியர், குரோம்பேட்டை: எங்கள் துறையில் புதிதாகக் கேமராவும் மைக்கும் பெரிய திரையும் பொருத்தியிருக்கிறார்கள். அறையில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெளிவாகவே கேட்கிறது. வீட்டிலிருந்து சேரும் மாணவர்களோ, தாங்கள் பேசியது தங்களுக்கே திரும்பக் கேட்பதாகவும், நான் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருப்பதாகவும் சொல்கிறார்கள். அவர்களுடைய இணைய இணைப்பில் கோளாறா?

கோளாறு உங்கள் அறையில்தான் இருக்கிறது. தன் குரல் தனக்கே திரும்பக் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால், பழுது அவர் பக்கத்தில் இருப்பதில்லை. எதிர்ப்பக்கத்தில்தான் தேட வேண்டும். வீட்டிலிருக்கும் மாணவி பேசும் குரல் உங்கள் அறை ஸ்பீக்கரில் ஒலிக்கிறது. அதை உங்கள் மைக் வாங்கி அவருக்கே திருப்பி அனுப்புகிறது. ஜூம், கூகுள் மீட் போன்ற செயலிகளுக்கு ஸ்பீக்கருக்குத் தாம் அனுப்பிய ஒலி எதுவென்று தெரியும் என்பதால், மைக்கில் வருவதிலிருந்து அதைக் கழித்துவிடுகின்றன. அந்தக் கழித்தல் பொய்த்துப்போகும் இடத்தில்தான் எதிரொலி பிறக்கிறது.

அது பொய்த்துப்போவதற்கு வகுப்பறைகளில் பெரும்பாலும் இரண்டு காரணங்களைப் பார்க்கலாம். அறையில் உட்கார்ந்திருக்கும் மாணவர் ஒருவர் வருகைப் பதிவுக்காகவோ, திரையைக் கிட்டத்தில் பார்ப்பதற்காகவோ, தம் கைபேசியிலும் அதே கூட்டத்தில் சேர்ந்திருப்பார். அந்தக் கைபேசியின் மைக் திறந்திருந்தால் அறை ஸ்பீக்கரின் ஒலி அதன் வழியாகவும் வெளியே போகும், சில சமயம் கீச்சென்ற அலறலாகவும் மாறும். எனவே அறைக்குள் இருப்பவர்கள் கூட்டத்தில் சேர்ந்தே ஆக வேண்டுமென்றால், செயலியின் ஒலி இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சேரச் சொல்லுங்கள். மைக்கை மட்டும் மியூட் செய்வது போதாது. அந்தக் கைபேசியின் ஸ்பீக்கரில் சற்றுத் தாமதமாக வரும் உங்கள் குரல் மறுபடி உங்கள் மைக்குக்குள் புகுந்துவிடும்.

இரண்டாவது காரணம், பல ஒலிகளைக் கலந்து அனுப்பும் மிக்சர் கருவி. பல அறைகளில் ஆசிரியரின் காலர் மைக்கும் மடிக்கணினியின் ஒலியும் ஒரே மிக்சருக்கு வந்து, அங்கிருந்து ஒரு வழி ஆம்ப்ளிஃபயருக்கும் இன்னொரு வழி மடிக்கணினிக்கும் போகும். மடிக்கணினிக்குத் திரும்பிப் போகும் அந்த வழியில் மடிக்கணினியின் ஒலியே கலந்திருந்தால், மாணவருக்கு அவருடைய குரலை நாமே கம்பி போட்டு அனுப்புகிறோம் என்றுதான் பொருள். மிக்சரில் மடிக்கணினி வரும் சேனலின் மேல், திரும்பும் வழிக்கான ‘ஆக்ஸ்’ திருகு ஒன்று இருக்கும். அதை மட்டும் பூஜ்ஜியத்துக்குத் திருப்பினால் போதும். பணம் செலவழிக்காமல் தீரக்கூடிய கோளாறு இது.

கிணற்றுக் குரலுக்குக் காரணம் தூரம். திறந்த வெளியில் மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் நேரடியாக வரும் குரல் 6 டெசிபெல் குறைகிறது. அரை மீட்டரில் இருந்த மைக்கை நான்கு மீட்டருக்குத் தள்ளினால் 18 டெசிபெல் போய்விடும். ஆனால் மின்விசிறியின் இரைச்சலும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் குறையாமல் அப்படியே இருக்கும். அறையில் இருப்பவருடைய இரண்டு காதுகளும் மூளையும் சேர்ந்து இவற்றைப் பிரித்துக் கேட்டுக்கொள்கின்றன, தொலைவில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அமெரிக்க வகுப்பறை ஒலியியல் தரநிலை சிறிய வகுப்பறைகளில் எதிர்முழக்கம் (பேச்சு நின்ற பிறகும் அறையில் ஒலி நீடிப்பது) 0.6 விநாடிக்குள்ளும் பின்னணி இரைச்சல் 35 டெசிபெல்லுக்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது. உயர்ந்த கூரையும் மொசைக் தரையும் வெறும் சுவர்களும் கொண்ட நம் பழைய கட்டடங்கள், ஏப்ரல், மே மாதங்களில் எல்லா மின்விசிறிகளும் முழு வேகத்தில் சுழலும்போது, இந்த அளவுகளை எளிதில் தாண்டிவிடும். கட்டடத்தை மாற்ற முடியாது. மைக்கை வாய்க்கருகே கொண்டுவர முடியும். கேமராவில் இருக்கும் மைக்கை நம்பாமல், சட்டையில் மாட்டும் காலர் மைக்கைப் பயன்படுத்துங்கள். பின்சுவரில் கனமான திரைச்சீலையோ துணி ஒட்டிய அறிவிப்புப் பலகையோ இருந்தால் அதுவும் உதவும்.

முதுநிலை மாணவி, திருவொற்றியூர்: வாரத்தில் சில வகுப்புகளை வீட்டிலிருந்தே கேட்கிறேன். அறையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி எதுவும் எனக்குக் கேட்பதில்லை. ஆசிரியர் எங்களிடம் ஏதாவது கேட்டால், நான் மைக்கைத் திறப்பதற்குள் அவர் அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறார்.

உங்கள் குறை நியாயமானது, அம்மா. இதைத் தீர்க்க வேண்டியவர் ஆசிரியர் என்பதால் அவருக்காகவே இதை எழுதுகிறோம்: பின்வரிசையிலிருந்து வரும் ஒவ்வொரு கேள்வியையும், பதில் சொல்வதற்கு முன் உங்கள் மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். கூரையில் பொருத்தும் விலையுயர்ந்த மைக் இருந்தாலும் இந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டாம். முன்வரிசையில் இருப்பவருக்கே பின்வரிசைக் கேள்வி பாதிதான் கேட்டிருக்கும்.

தாமதத்துக்கும் கணக்கு உண்டு. இயல்பான உரையாடலுக்கு ஒரு பக்கத்துக் குரல் மறுபக்கத்தை 150 மில்லிவிநாடிக்குள் சென்றடைய வேண்டும் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. வீட்டு இணைப்புகளில் அது கூடுவது சாதாரணம். அதோடு மியூட்டை நீக்கும் நேரத்தையும், பேசலாமா வேண்டாமா என்ற தயக்கத்தையும் கூட்டிப் பாருங்கள். கேள்வி கேட்டபின் மனத்துக்குள் பத்து எண்ணும் வரை ஆசிரியர் காத்திருப்பது முறை. வகுப்பில் ஒரு மாணவரை அரட்டைப் பெட்டியைப் பார்த்துக்கொள்ள நியமித்தால் ஆசிரியரின் பாரமும் குறையும்.

இசைத்துறை ஆசிரியை, மயிலாப்பூர்: இணைய வகுப்பில் தம்பூரா ஒலி சிறிது நேரத்தில் மறைந்துவிடுகிறது. வீணையில் மீட்டியபின் நீளும் கார்வையும் அறுந்து அறுந்து போகிறது. நல்ல மைக் வாங்கியும் பயனில்லை.

மைக்கின்மேல் குற்றமில்லை. காணொலிச் செயலிகள் மனிதப் பேச்சுக்காகவே அமைக்கப்பட்டவை. மாறாமல் தொடர்ந்து ஒலிக்கும் எதையும் அவை மின்விசிறி, ஏ.சி. போன்ற இரைச்சல் என்று முடிவுசெய்து அடக்குகின்றன. சுருதி மாறாமல் ஒலிப்பதுதான் தம்பூராவின் இயல்பு. அதனாலேயே அது முதலில் பலியாகிறது. கார்வை மெல்லத் தேயும்போது அதையும் மௌனம் என்று எண்ணிச் செயலி வெட்டிவிடுகிறது.

ஜூமின் ஒலி அமைப்புகளில், இசைக் கலைஞர்களுக்கென்றே ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால், கூட்டத்தின்போது திரையின் மேற்பகுதியில் அதற்கான பொத்தான் தோன்றும். அதையும் அழுத்த வேண்டும். இரண்டாவது படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கூகுள் மீட்டிலும் பல கணக்குகளில் இரைச்சல் நீக்கத்தை அணைக்கும் வசதி உண்டு. எதிரொலி நீக்கத்தையும் சேர்த்து அணைத்தால் இசை இன்னும் முழுமையாகப் போகும், ஆனால் அப்போது நீங்கள் ஸ்பீக்கரைத் தவிர்த்து ஹெட்போன் அணிந்தே ஆக வேண்டும். இந்த அமைப்பை இயக்க வேண்டியது வாசிப்பவரின் கணினியில். எனவே மாணவர்களும் தங்கள் பக்கத்தில் செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் எந்தக் கருவியும் தராது. ஒரு பக்கம் 100 மில்லிவிநாடி தாமதம் என்றால், நீங்கள் பாடியதைக் கேட்டு மாணவர் உடன் பாடுவது உங்களுக்கு 200 மில்லிவிநாடி கழித்துத்தான் வந்து சேரும். நிமிடத்துக்கு 80 அட்சரம் (தாளத்தின் எண்ணிக்கை) என்ற காலப்பிரமாணத்தில் அது ஓர் அட்சரத்தில் கால் பங்குக்கும் மேல். சேர்ந்து பாடினால் தாளம் நழுவத்தான் செய்யும். ஆகவே நீங்கள் ஒரு சங்கதியைப் பாடி, மாணவர் திருப்பிப் பாடும் முறையையே இணையத்தில் கையாளுங்கள். தாளத்தை மாணவர் தம் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளட்டும்.

துறைத் தலைவர், தாம்பரம்: எங்களுக்குக் கிடைத்திருக்கும் நிதியில் புரொஜெக்டர் வாங்குவதா, தொட்டு எழுதக்கூடிய ஸ்மார்ட் போர்டு வாங்குவதா? கடைசி வரிசை திரையிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருக்கிறது.

அந்தப் 10 மீட்டரே பதிலை முடிவு செய்துவிடுகிறது. எழுத்துகளைச் சிரமமின்றிப் படிக்க வேண்டுமென்றால் கடைசி வரிசை, படத்தின் உயரத்தைப்போல் ஆறு மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பது இத்துறையில் பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. மூலைக்கு மூலை 75 அங்குலம் உள்ள ஸ்மார்ட் போர்டில் படத்தின் உயரம் ஏறக்குறைய 93 செ.மீ.; அது ஐந்தரை மீட்டர் வரைதான் எட்டும். 86 அங்குலப் பலகை 6.4 மீட்டர் வரை எட்டும். உங்கள் கடைசி வரிசைக்குப் படத்தின் உயரம் 1.67 மீட்டர் வேண்டும், அதாவது 130 அங்குலத்துக்கும் மேற்பட்ட திரை. அதைப் புரொஜெக்டர்தான் கட்டுப்படியான விலையில் தரும். 20, 25 பேர் அமரும் சிறிய கருத்தரங்க அறையாக இருந்தால் ஸ்மார்ட் போர்டையே பரிந்துரைப்போம். பகல் வெளிச்சத்திலும் அது நன்றாகத் தெரியும்.

புரொஜெக்டரில் விளக்கு வகையைவிட லேசர் வகை மேலானது. விளக்கு சில ஆயிரம் மணி நேரத்தில் மாற்ற வேண்டிய பொருள். லேசர் ஒளிமூலத்துக்கு 20,000 மணி நேரம் வரை ஆயுள் சொல்கிறார்கள். கல்லூரிகளில் புது விளக்குக்கு அனுமதி வாங்கும் காலம் முழுவதும் புரொஜெக்டர் கூரையில் வெறுமனே தொங்குவதை நாம் அறிவோம். வெளிச்சம் 4,000 லூமெனுக்குக் குறையாமல் இருக்கட்டும். அதைவிட முக்கியமாக, திரைக்கு நேர் மேலே இருக்கும் விளக்குகளுக்குத் தனி சுவிட்ச் போடச் சொல்லுங்கள். படம் வெளுத்துப்போகிறது என்று அறை முழுவதையும் இருட்டாக்கினால் மாணவர்கள் குறிப்பெடுக்க முடியாது. கேமராவிலும் ஆசிரியரின் முகம் தெரியாது. கடற்கரைக் காற்றின் ஈரமும் தூசியும் சேரும் ஊர் இது என்பதால், காற்றுவடிகட்டியைப் பருவத்துக்கு ஒருமுறையாவது சுத்தம் செய்ய ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் பட்டியலில் மைக்குக்கும் ஒலிக்கும் ஒரு வரிகூட இல்லை. படம் மங்கினால் மாணவர் பாடக்குறிப்பைத் திறந்து சமாளித்துக்கொள்வார். குரல் போய்விட்டால் வகுப்பே போய்விடுகிறது. திரையில் ஒரு படி இறங்கியாவது நல்ல காலர் மைக் ஒன்றும், கையில் பிடிக்கும் மைக் ஒன்றும், கருவிகளைத் தாங்கும் அளவுக்கு ஒரு யு.பி.எஸ்.ஸும் பட்டியலில் சேருங்கள்.

ஆய்வக உதவியாளர், வியாசர்பாடி: சில ஆசிரியர்களின் மடிக்கணினியை மாட்டினால் திரையில் படம் வருகிறது, சிலருடையதில் வருவதில்லை.

முதலில் விண்டோஸ் பொத்தானோடு ‘பி’ எழுத்தை அழுத்தி, ‘டூப்ளிகேட்’ தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். யு.எஸ்.பி.-சி துளை இருக்கும் எல்லா மடிக்கணினிகளும் அதன் வழியாகப் படத்தை அனுப்புவதில்லை. அதுவும் சரியென்றால் கேபிளின் நீளத்தைச் சந்தேகிக்கலாம்: சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிள் 10 மீட்டரைத் தாண்டினால் ஒரு கணினிக்கு வேலை செய்யும், இன்னொன்றுக்குச் செய்யாது. மேசையிலிருந்து கூரை வரை செல்லும் தூரத்துக்கு, கேட்-6 கேபிளில் 100 மீட்டர் வரை படத்தைக் கொண்டுசெல்லும் எச்.டி.பேஸ்-டி கருவிகளே நம்பகமானவை. கேமராவுக்கான யு.எஸ்.பி. 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற பேராசிரியர், அடையாறு: தொலைவிலிருந்து பாடம் நடத்துவது கொரோனாவுக்குப் பின் வந்ததுபோல் இன்றைய தலைமுறை பேசுகிறது. சரியா?

சரியில்லை, ஐயா. பல்கலைக்கழக மானியக் குழு 1984 ஆகஸ்ட் 15 அன்றே தூர்தர்ஷன் வழியாக நாடு தழுவிய வகுப்பறை ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டது. 2004 செப்டம்பர் 20 அன்று, நமக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. தொலைவிலிருக்கும் வகுப்பறை மாணவர் ஸ்டுடியோவில் இருக்கும் ஆசிரியரிடம் அதன் வழியாகக் கேள்வி கேட்க முடிந்தது. ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரம் ஏறி இறங்க வேண்டியிருந்ததால் குரல் போய்ச்சேரவே கால் விநாடி ஆனது. அந்தக் கால ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகியிருந்தார்கள். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய, பாடங்களை இணையத்தில் தரும் என்.பி.டி.இ.எல். திட்டத்தில், கிண்டியில் உள்ள சென்னை ஐ.ஐ.டி.யின் பங்கு பெரியது.

மாணவரின் தந்தை, பெரம்பூர்: என் மகனுக்குச் செவித்திறன் குறைவு. வகுப்பைப் பதிவுசெய்து தரும்படி கேட்டால், மற்ற மாணவர்களின் முகமும் குரலும் பதிவாகும் என்று தயங்குகிறார்கள். என்ன கேட்கலாம்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசு நிதி பெறும் அல்லது அரசால் அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிறுவனங்கள் மாணவரின் தேவைக்கேற்ற ஏற்பாட்டைச் செய்துதர வேண்டும் என்கிறது. ஆகவே நீங்கள் கேட்பதைச் சலுகையாக நினைக்க வேண்டாம். மற்றவர்களின் தனியுரிமையைப் பற்றிய துறையின் கவலையும் சரியானதே. அதற்கு வழி இருக்கிறது. கேமராவை ஆசிரியரையும் பலகையையும் மட்டும் நோக்கி வைக்கலாம், பருவத் தொடக்கத்திலேயே எல்லா மாணவர்களிடமும் எழுத்தில் சம்மதம் பெறலாம், கேள்வி நேரத்தில் பதிவை நிறுத்தி வைக்கலாம்.

பேச்சைக் கேட்டுச் செயலியே திரையில் எழுதிக் காட்டும் தானியங்கி எழுத்துரையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். தமிழும் ஆங்கிலமும் கலந்து நடக்கும் வகுப்பில் அது கலைச்சொற்களில் தடுமாறும். பாடக்குறிப்பை முந்தைய நாளே அனுப்பச் சொல்லுங்கள். அதிலுள்ள சொற்களைத் தெரிந்துகொண்டு வந்தால், தவறான எழுத்துரையையும் உங்கள் மகன் சரியாகப் படித்துக்கொள்வார். அவருடைய காதுக்கருவியில் புளூடூத் இருந்தால், வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் ஆசிரியரின் மைக் ஒலியை நேராக அதில் வாங்க முடியுமா என்று கருவி வாங்கிய இடத்தில் கேளுங்கள். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர் என்றால், சன்னலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டாம் என்றும், பலகையில் எழுதும்போது பேசாமல், எழுதி முடித்துத் திரும்பிய பிறகு பேச வேண்டும் என்றும் ஒவ்வொரு ஆசிரியருக்கும் துறைத் தலைவர் வழியாகக் கடிதம் கொடுங்கள்.