ஒளிரும் பிளாஸ்டிக் படிக்க நிற்கும் மகன்: களுவாஞ்சிகுடித் தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உயர்தரத்தில் கணிதப் பிரிவில் நன்றாகத் தேறிய மகன், பொறியியலை விட்டுவிட்டு "ஒளி தரும் பிளாஸ்டிக்கைப் பற்றிப் படிக்கப் போகிறேன்" என்று பிடிவாதமாக நிற்பதாகவும், அதை வைத்துக்கொண்டு மட்டக்களப்பில் என்ன தொழில் கிடைக்கும் என்று உங்கள் கணவர் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கணவர் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் மகன் சொல்வதும் வெறும் கனவல்ல.

உங்கள் வீட்டில் ஓஎல்இடி எனப்படும், தானே ஒளிரும் திரையுள்ள கைத்தொலைபேசி இருந்தால், இரவில் விளக்கை அணைத்துவிட்டு முழுவதும் கறுப்பான ஒரு படத்தைத் திறந்து பாருங்கள். திரையில் துளி வெளிச்சமும் இராது. அதிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் மின் பாயும்போது தானே ஒளிரும் காபன் சேர்வைகளால் ஆனது; மின்னை நிறுத்தினால் அணைந்துவிடும். ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் காபன் சங்கிலிகளில் இலத்திரன்கள் ஓரிடத்தில் கட்டுண்டு கிடப்பதில்லை என்பதே இதன் அடிப்படை. பென்சீன் வளையத்தைப் படித்த மகனுக்கு இது புதிதாயிராது. பொலிஅசற்றலீன் என்ற பல்பகுதியத்தை (பிளாஸ்டிக் போன்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருளை) அயடீன் ஆவிக்கு உட்படுத்தி அதை மின் கடத்தச் செய்யலாம் என்று 1977இல் காட்டிய ஹீகர், மக்டயர்மிட், சிரகாவா ஆகிய மூவருக்கும் 2000ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வகைப் பல்பகுதியம் ஒளியும் தரும் என்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்டார்கள்.

ஆய்வுகூடத்தில் வேலை எப்படியிருக்கும் என்பதையும் மகன் அறிந்திருக்க வேண்டும். கண்ணாடித் துண்டில் ஒரு துளி கரைசலை விட்டு, நிமிடத்துக்குச் சில ஆயிரம் தடவை சுழற்றி, மயிரிழையைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய படலமாக்குவார்கள். நீராவியும் ஒட்சிசனும் இப்பொருள்களுக்குப் பெரும் பகை என்பதால், பெரும்பாலான வேலை நைதரசன் நிரப்பிய பெட்டிக்குள் கையுறை வழியே நடக்கும். ஒருபுறம் வாவி, மறுபுறம் கடல் என்றிருக்கும் நம் ஊர்க் காற்று இதற்குச் சற்றும் ஆகாது! பத்துப் படலம் பழுதானாலும் பதினோராவதைச் செய்யும் பொறுமை அவருக்கு உண்டா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது பட்டத்துக்கு வருகிறேன். "ஒளி தரும் பிளாஸ்டிக்" என்ற பெயரில் ஒரு இளமாணிப் பட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். மூலக்கூறுகளை ஆக்குவதில் விருப்பமென்றால் இரசாயனவியல், கருவியை அமைத்து அளப்பதில் விருப்பமென்றால் பௌதிகவியல். இரண்டையும் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ, சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்திலோ படிக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையிலும், கண்டி ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படை ஆய்வு நிறுவனத்திலும் இத்துறைக்கு நெருங்கிய சூரியக்கல ஆய்வு நடைபெறுகிறது. பொறியியலையும் விட மனமில்லையென்றால் மொறட்டுவையில் மூலப்பொருள் பொறியியல் துறை உண்டு. என் கணிப்பில், பல்கலைக்கழகத்தின் பெயரைவிட நான்கு வருடச் சிறப்புப் பட்டமும் அதில் எடுக்கும் வகுப்புச் சித்தியுமே (முதலாம் வகுப்பா, இரண்டாம் வகுப்பா என்பது) பின்னாளில் பேசும். விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடப்பதால், பெறுபேற்றுக்கும் அனுமதிக்கும் இடையிலுள்ள மாதங்களை ஆங்கிலத்துக்கே கொடுக்கச் சொல்லுங்கள். "ஆறு மாதத்தில் நனோ தொழில்நுட்பச் சான்றிதழ்" என்று வரும் விளம்பரங்களுக்குக் காசு கட்டாதீர்கள்.

தொழிலைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். இத்திரைகளைச் செய்யும் தொழிற்சாலை இலங்கையில் இல்லை. கொரியா, ஜப்பான், சீனா, ஐரோப்பா என்று வெளியேதான் வேலை, அதற்கும் பெரும்பாலும் கலாநிதிப் பட்டம் வேண்டும். அமெரிக்காவில் விஞ்ஞானக் கலாநிதி மாணவருக்குப் பொதுவாக உதவித்தொகை கிடைப்பதால் காணியை ஈடுவைக்க வேண்டியிராது; ஆனால் அவர் முப்பதை நெருங்கும்வரை வீட்டுக்குப் பெரிதாகப் பணம் அனுப்ப முடியாமற் போகலாம். இடையில் மனம் மாறினால், பல்பகுதியம் படித்த இரசாயனவியல் பட்டதாரி இறப்பர்க் கையுறை, வண்ணப்பூச்சு, பிளாஸ்டிக் தொழிற்சாலைகளிலும் நீர்ப் பரிசோதனைக் கூடங்களிலும் முயலலாம். ஆசிரியத் தொழிலும் உண்டு.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் பாடநெறிகளை வரிசைப்படுத்துவதற்கு முன், பெறுபேற்றுத் தாளுடன் மகனையும் கணவரையும் ஒன்றாகக் கூட்டி வாருங்கள்.