பூட்டிக் கிடக்கும் அப்பா வீட்டை என்ன விலைக்குக் கொடுப்பது?

கேள்வி: திருச்சி காட்டூரில் எங்கள் வீடு. அப்பா பெல் (BHEL) பாய்லர் பிளான்ட்டில் வேலையில் இருந்தபோது 1988-ல் மனை வாங்கி 1991-ல் கட்டியது. மனை 2400 சதுர அடி. கீழே இரண்டு படுக்கையறை, மாடியில் பிற்பாடு போட்ட ஓர் அறை. அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. அம்மா கோவையில் என்னோடு இருக்கிறார், அண்ணன் குவைத்தில், தங்கை தஞ்சாவூரில். எட்டு மாதமாக 95 லட்சம் சொல்கிறோம், 80-க்கு மேல் யாரும் கேட்கவில்லை. தரகர் இறங்கி வரச் சொல்கிறார், அண்ணன் கூடாது என்கிறார். ஒரு புரமோட்டர் 88 தருவதாகச் சொல்கிறார். ஆனால் 10 லட்சம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு பவர் (நமக்காக விற்கும் அதிகாரத்தைத் தரும் பத்திரம்) எழுதித் தர வேண்டுமாம், நாலு பிளாட் கட்டி விற்று மீதியைத் தருவாராம். சாவி எதிர்வீட்டு அக்காவிடம்தான் இருக்கிறது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவர்தான். பிளாட் வந்தால் போர் தண்ணீர் இறங்கிவிடும் என்று தெருக்காரர்கள் வருத்தப்படுகிறார்கள். அவர்களைப் பார்த்தால் லட்சங்கள் போகுமே என்ற கவலையும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்தப் புரமோட்டருக்கு பவர் எழுதிக் கொடுக்காதீர்கள் அம்மா. மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மார்க்கெட் டல் என்றால் அவருக்கும் டல்தான். அவர் கட்டப்போகும் நாலு பிளாட்டும் விற்றால்தானே உங்களுக்கு மீதி 78 லட்சம்? ஒரு பிளாட் விற்று மூன்று நின்றுவிட்டால், வீட்டை இடித்தாகிவிட்டது, மனையில் அடுத்தவருக்குப் பங்கு போய்விட்டது, நீங்கள் கோவையிலிருந்து போன் போட்டுக்கொண்டிருப்பீர்கள். 88 என்பது காதுக்கு நன்றாக இருக்கிறது, உண்மையில் உங்கள் மனையை வைத்து, உங்கள் காசில், அவர் தொழில் செய்கிறார். முழுப் பணத்தையும் கொடுத்துக் கிரயம் செய்துகொள்ளத் தயாரா என்று கேட்டுப் பாருங்கள். தயார் என்றால் அவரும் வாங்க வந்த ஒருவர், மற்றவர்களோடு சேர்த்து யோசிக்கலாம். இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

இப்போது ஏன் காட்டூரில் வீடு நகரவில்லை என்று பார்ப்போம், ஏனென்றால் அது தெரிந்தால்தான் யாரிடம் விற்பது என்பது தெரியும். திருவெறும்பூர், துவாக்குடி, மாத்தூர் பக்கம் பாய்லர் பிளான்ட்டின் ஆர்டரை நம்பி எத்தனையோ ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் ஓடின. நிலக்கரி மின் நிலையங்களுக்கான ஆர்டர் குறைந்தபோது அவை அடி வாங்கின, அதோடு அந்த வட்டாரத்தில் கையில் புரண்ட பணமும் குறைந்தது. இன்னொன்று, உங்கள் அப்பா வயதுக்காரர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வீடு கட்டினார்கள். அவர்கள் பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, வெளிநாடு என்று போய்விட்டார்கள், அதனால் விற்க நினைக்கும் வீடுகளும் ஒரே காலத்தில் வருகின்றன. முதலீட்டுக்கு இடம் தேடுகிறவர்கள் பார்வையோ 2025 மே மாதம் பஞ்சப்பூர் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ஆகவே உங்கள் வீட்டை வாங்கப்போகிறவர் வாங்கிப் போட்டு லாபம் பார்க்கிற ஆள் இல்லை. காட்டூரிலேயே குடியிருக்க வேண்டும் என்ற காரணம் உள்ளவர்தான் வாங்குவார். பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருப்பவர், பிள்ளையை அந்தப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தவர், பெற்றோர் அங்கே இருப்பதால் அருகில் வீடு தேடும் மகள், துவாக்குடி என்ஐடியில் வேலை பார்ப்பவர், இப்படி.

அந்த ஆளின் சட்டைப்பையை ஒரு நிமிடம் பாருங்கள். 95 லட்சம் என்றால் அவருக்கு 95 இல்லை. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம், அதாவது எட்டரை லட்சத்துக்கு மேல், அவர் தனியாகக் கட்ட வேண்டும். வீட்டுக் கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால் வங்கி மதிப்பில் 80 சதவீதம்தான் தரலாம், 75-ஐத் தாண்டினால் 75 சதவீதம். பத்திரச் செலவை அதில் சேர்க்க மாட்டார்கள். ஆக 95-க்கு வாங்கினால் அதிகபட்சம் 75 லட்சம் கடன் கிடைத்தாலும் கையிலிருந்து 28 லட்சத்துக்கு மேல் வேண்டும். 85-க்கு என்றால் கடன் 68, கையிலிருந்து 25-க்குச் சற்றுக் குறைவு. அதுவும் வங்கியின் மதிப்பீட்டாளர் நீங்கள் சொல்லும் விலையை அப்படியே ஒத்துக்கொண்டால். 1991 கட்டடத்துக்கு அவர் பெரிதாக மதிப்பு போட மாட்டார், மனைக்குத்தான் போடுவார், மாடி அறைக்குப் பிளான் அப்ரூவல் இல்லை என்றால் அதைக் கணக்கிலேயே எடுக்காமல் விடக்கூடும். 2025-ல் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை) 6.5 சதவீதத்திலிருந்து 5.25-க்குக் கொண்டுவந்ததில் மாதத் தவணை இறங்கியது உண்மைதான், ஆனால் மாதச் சம்பளக்காரருக்கு முட்டுவது தவணையில் இல்லை, இந்தக் கைப்பணத்தில்தான். 80-க்குக் கேட்டவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நினைக்காதீர்கள். அவர்களால் புரட்ட முடிந்தது அவ்வளவாக இருக்கலாம்.

என்னைக் கேட்டால் 88 சொல்லி, 84, 85-க்கு முடித்துவிடலாம் என்பேன். ஆனால் என் வார்த்தையை நம்பி அண்ணனிடம் போகாதீர்கள். பதிவுத் துறையின் இணையதளத்தில் உங்கள் தெருவில் அண்மையில் கைமாறிய வீடுகளின் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கச் சான்றைப் பார்த்தால் என்ன தொகைக்குக் கிரயமானது என்று இருக்கும். சிலர் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை ஒட்டி மட்டும் எழுதியிருப்பார்கள், அதனால் அதை அடிமட்டமாக எடுத்துக்கொண்டு, உண்மையில் எவ்வளவு கைமாறியது என்பதைத் தெருவில் விசாரியுங்கள். குவைத்தில் இருப்பவருக்கு 2019-ல் யாரோ சொன்ன விலை காதில் நின்றிருக்கும். பேப்பரைக் காட்டினால் கேட்பார்.

அண்ணன் விஷயத்தில் விலையைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, அதை யாரும் உங்களுக்குச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், அப்பா தவறியபோது அவருடைய அம்மா உயிரோடு இல்லை என்றால், அம்மா, அண்ணன், நீங்கள், தங்கை நாலு பேருக்கும் சம பங்கு, அதாவது ஆளுக்குக் கால் பங்கு. நாலு பேரும் கையெழுத்துப் போட்டுக் கிரயம் கொடுத்துவிடலாம், விற்பதற்காகத் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் தனியாக எழுத வேண்டியதில்லை. ஆனால் அண்ணன் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுவாசி என்றால், வாங்குபவர் அவர் பங்குக்கு வரி பிடித்துவிட்டுத்தான் பணம் தர வேண்டும். இங்கே இருக்கும் உங்கள் மூவர் பங்குக்கும் 1 சதவீதம்தான் பிடித்தம் (மொத்த விலை 50 லட்சத்தைத் தொட்டாலே போதும், ஆளுக்குத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை). அண்ணன் பங்குக்கு 12.5 சதவீதம், மேலே செஸ். 85 லட்சத்தில் கால் பங்கு 21 லட்சத்துச் சொச்சம், அதில் ஏறக்குறைய 2.75 லட்சம் பிடித்தம் ஆகிவிடும். உண்மையான லாபத்துக்கு அவ்வளவு வரி வராது என்றால் முன்கூட்டியே வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தச் சான்றிதழ் வாங்கலாம், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். இது தெரியாமல் கடைசி நேரத்தில் வாங்குபவரின் ஆடிட்டர் சொல்லி, அவர் பயந்துபோய், முடிந்த பேரம் முறிவது நடக்கிற கதைதான்.

அண்ணன் வர முடியாது என்றால் தங்கள் குடும்பத்துக்குள்ளேயே ஒருவருக்கு பவர் தரட்டும். அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பி, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். விற்ற லாபத்துக்கு வரும் வரியைப் பொறுத்தவரை, அப்பா 2001-க்கு முன்பே வாங்கிய வீடு என்பதால் 2001 ஏப்ரல் 1-ம் தேதி நியாயமான சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம், உங்களுக்கும் அம்மாவுக்கும் தங்கைக்கும் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதமா, அது இல்லாமல் 12.5 சதவீதமா, எது குறைவோ அதைக் கட்டலாம், அண்ணனுக்கு இந்தத் தெரிவு கிடையாது. ஒரு நல்ல ஆடிட்டரிடம் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள், அந்த ஃபீஸ் வீண் போகாது.

பத்திரங்கள்: தாய்ப்பத்திரம், அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உங்கள் நால்வர் பெயருக்கு மாற்றிய பட்டா, வீட்டு வரி ரசீது, மின் இணைப்புப் பெயர் மாற்றம், வில்லங்கச் சான்று. இவ்வளவும் ஒரு ஃபைலில் இருந்தால் பாதி சந்தேகம் போய்விடும். வாங்க நிறைய வீடு இருக்கும் காலத்தில் பட்டா இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது என்ற ஒரு வார்த்தை போதும், வந்தவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

எத்தனை தரகர்களிடம் சொல்லியிருக்கிறீர்கள்? கடிதத்தில் இல்லை, ஆனால் எட்டு மாதம் என்றால் நாலைந்து பேராவது இருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒரே வீடு ஒரு இடத்தில் 95, இன்னொரு இடத்தில் ஒரு கோடி, மூன்றாவது இடத்தில் 90 என்று விளம்பரத்தில் நின்றால் பார்ப்பவருக்கு இந்த வீட்டில் ஏதோ வில்லங்கம் என்றுதான் தோன்றும். எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிட்டு, ஒருவரிடம், மிஞ்சினால் இரண்டு பேரிடம், ஒரே விலையைச் சொல்லுங்கள்.

சரி, தெருவுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நான் அதிகம் யோசித்தது இதைத்தான். தெருக்காரர்கள் மனசைப் பார்ப்பதும் நல்ல விலை வாங்குவதும் எதிரெதிர் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. காட்டூரில் குடியிருக்க வருகிற ஒருவர் உங்கள் வீட்டின் 35 வருடச் சுவரைப் பார்த்தா 85 லட்சம் தருவார்? அந்தச் சுவரை அவர் இடித்துக்கூடக் கட்டலாம். பூட்டிய வீட்டின் சாவியை நம்பிக் கொடுக்க எதிரில் ஓர் அக்கா இருக்கிறார், வெளியூர் போனால் தபாலை வாங்கி வைக்க ஆள் இருக்கிறது, ராத்திரி நெஞ்சு வலித்தால் ஆட்டோவுக்குக் காத்திருக்காமல் காரை எடுத்துக்கொண்டு வர நாலு வீடு இருக்கிறது, இதற்கெல்லாம் சேர்த்துத்தான் அவர் பணம் தருகிறார். புது லேஅவுட்டில் அகலமான ரோடும் கேட்டும் கிடைக்கும், இது கிடைக்க இருபது வருடம் ஆகும். இந்தத் தெருவை உருவாக்கியது ஒரே ஷிஃப்டில் வேலைக்குப் போய் வந்து, கடன் வாங்கி ஒரே நேரத்தில் கட்டி, ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவர் பந்தி பரிமாறிய மனிதர்கள். உங்கள் அப்பாவும் அதில் ஒருவர்.

ஆகவே அவர்களையே கேளுங்கள். இதை நீங்கள் இதுவரை செய்யவில்லை என்று நினைக்கிறேன், தரகரிடம்தான் சொல்லியிருக்கிறீர்கள், தெருக்காரர்களுக்கு வந்து பார்த்துப்போகிறவர்கள் மூலமாகத்தான் தெரிந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். வீடு வீடாகப் போய், விற்கப் போகிறோம், இந்த விலை எதிர்பார்க்கிறோம், குடியிருக்க வருகிற நல்ல குடும்பமாக இருந்தால் சொல்லுங்கள் என்று நேரடியாகச் சொல்லுங்கள். விலையை மறைக்க வேண்டாம். பிளாட் வரக்கூடாது என்று நினைக்கிற ஒவ்வொருவருக்கும் இப்போது உங்கள் வீட்டுக்கு ஆள் தேடுவதில் சொந்த அக்கறை இருக்கிறது. மைத்துனர், ஆபீஸ் நண்பர், மருமகளின் வீட்டார் என்று அவர்கள் விசாரிக்கும் வட்டம் எந்தத் தரகருக்கும் கிடையாது. அவர்கள் மூலம் வருகிறவர் பாதி நம்பிக்கையோடு வருவார், பேரமும் நாகரிகமாக இருக்கும்.

அப்படி யாராவது ஆள் கொண்டுவந்து கிரயம் முடிந்தால் கமிஷன் என்று பணத்தை நீட்டாதீர்கள், முகம் சுருங்கிப்போகும். தாம்பூலத்தில் புடவை, வேட்டி வைத்து அம்மா கையால் கொடுக்கச் சொல்லுங்கள். எதிர்வீட்டு அக்காவுக்கு அதற்கெல்லாம் காத்திருக்காமல் இப்போதே செய்யுங்கள். இரண்டு வருடமாக அவர் பார்த்துக்கொண்டதால்தான் அந்த வீடு இன்னும் வீடு மாதிரி இருக்கிறது. குடியிருப்போர் சங்கச் சந்தா பாக்கி இருந்தால் அதையும் கட்டிவிடுங்கள், நீங்கள் இல்லாத வீட்டுக்கும் சேர்த்துத்தான் அவர்கள் தெருவிளக்குக்கும் குப்பைக்கும் மாநகராட்சிக்கு அலைகிறார்கள்.

போர் தண்ணீர் பயம் நியாயமானது. ஒரு குடும்பம் எடுத்த இடத்தில் நாலு குடும்பம் எடுத்தால் கோடையில் பக்கத்து வீட்டு போர்தான் முதலில் காற்று வாங்கும். ஆனாலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: குடியிருக்க வருகிறவர் 83-ம், முழுப் பணத்தையும் கிரயத்தின்போதே தரும் கட்டுநர் 85-ம் சொன்னால் குடியிருப்பவருக்குக் கொடுங்கள், நாலு பங்கில் ஆளுக்கு ஐம்பதாயிரம்தான் வித்தியாசம், அம்மாவும் அந்தத் தெருவுக்குத் தலைநிமிர்ந்து போய்வரலாம். வித்தியாசம் எட்டு, பத்து லட்சம் என்றால் அம்மாவின் மருத்துவச் செலவையும் தங்கை குடும்பத்தையும் நினைத்து முடிவெடுங்கள், தெருக்காரர்களும் அதைப் புரிந்துகொள்வார்கள். உங்கள் சொத்தை உங்கள் விருப்பப்படி விற்க உங்களுக்கு உரிமை உண்டு, அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

வீடு பார்க்க வருகிறவரிடம் குறையை மறைக்காதீர்கள். மாடி அறைக்கு அப்ரூவல் இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். தஞ்சாவூர் ரோட்டில் சர்வீஸ் ரோடு இல்லாமல் வண்டியைத் திருப்புவது எவ்வளவு பாடு என்பது அந்தப் பக்கம் ஒருமுறை வந்துபோனவருக்கே தெரிந்துவிடும்.

விற்கும்வரை வாடகைக்கு விடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தரகர் சொல்லக்கூடும். ஆறு மாதத்துக்குள் விற்கும் உறுதி இருந்தால் விடாதீர்கள், உள்ளே ஆள் இருந்தால் கடன் வாங்கி வருகிறவர் தயங்குவார். அதற்குப் பதில் ஒரு ஆளைப் போட்டு மாதம் ஒருமுறை கதவு ஜன்னலைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, கரையான் இருக்கிறதா என்று பார்க்கச் செய்யுங்கள், வெளிச் சுவருக்கு ஒரு கோட் அடியுங்கள். ஒரு வருடம் தள்ளிப்போகும் என்று தோன்றினால் மட்டும் எழுத்து மூலமான, பதிவு செய்த ஒப்பந்தத்தோடு வாடகைக்கு விடுங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு முடிக்க மாட்டார்கள், அந்த மாதங்களில் போன் வரவில்லை என்று விலையைக் குறைத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் பட்டா மாற்றத்தையும் அண்ணனின் வரிச் சான்றிதழையும் முடித்து வையுங்கள். இன்று ராத்திரி அண்ணனிடம் பேசும்போது விலையை எடுக்காமல் பவர் பத்திரத்தையும் வரிப் பிடித்தத்தையும் பற்றி மட்டும் பேசுங்கள். 2.75 லட்சம் என்ற கணக்கைக் கேட்டதும் மற்றக் கணக்குகளையும் அவரே கேட்பார்.