தேய்த்தால் தடிக்கும் பழுப்புப் புள்ளிகள்

கேள்வி: எங்கள் மகனுக்கு ஒன்றரை வயது. ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது முதுகில் தோன்றிய பழுப்பு நிறப் புள்ளிகள் இப்போது வயிற்றிலும் தொடைகளிலும் பரவியுள்ளன. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினால் அவை சிவந்து தடித்து, சற்று நேரத்தில் அடங்கிவிடுகின்றன. தோல் மருத்துவர் சிறிது தோலை எடுத்துப் பரிசோதித்து, 'அர்டிகேரியா பிக்மென்டோசா' என்றார். தொழுநோயாக இருக்குமோ, புற்றுநோயாக இருக்குமோ என்று உறவினர்கள் அஞ்சுகிறார்கள். அடுத்த குழந்தைக்கும் இது வருமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: இது தொழுநோயும் அன்று, புற்றுநோயும் அன்று, பிறருக்குத் தொற்றுவதும் இல்லை. தொழுநோயின் படைகளில் உணர்ச்சி குறைந்திருக்கும். அவை தேய்த்தவுடன் தடிப்பதும் இல்லை. தேய்த்த இடம் சில நிமிடங்களில் தடிப்பதை 'டேரியர் அறிகுறி' என்போம். ஆங்கிலேய மருத்துவர் நெட்டில்ஷிப் 1869இலேயே விவரித்த இந்நோயை இனங்காண இன்றும் அதுவே எளிய வழி. மருத்துவர் ஒருமுறை பார்த்துவிட்டார் என்பதால், வீட்டில் அதை மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

நம் எல்லோருடைய தோலிலும் மாஸ்ட் செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு அணுக்கள் உள்ளன. அவை உங்கள் மகனின் தோலில் ஆங்காங்கே அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கின்றன. உராய்வோ வெப்பமோ தூண்டும்போது அவற்றிலிருந்து வெளிப்படும் ஹிஸ்டமின் முதலிய பொருள்களே அரிப்பையும் தடிப்பையும், சிறு குழந்தைகளில் சில வேளை கொப்புளத்தையும் உண்டாக்குகின்றன. இரண்டு வயதுக்குள் தொடங்கும் இந்நோய் பெரும்பாலும் தோலோடு நின்று, பல குழந்தைகளில் பருவ வயதுக்குள் மங்கிவிடுகிறது. பெரியவர்களிடம் தொடங்கினால் எலும்பு மஜ்ஜையையும் ஆராய வேண்டியிருக்கும். அந்தக் கவலையை உங்கள் குழந்தையின்மீது ஏற்ற வேண்டியதில்லை.

எண்ணெய்க் குளியலைக் கைவிட வேண்டாம். ஆனால் எண்ணெயை மெதுவாகத் தடவி, வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றி எடுங்கள். சீயக்காயோ பயத்த மாவோ போட்டு அழுத்தித் தேய்ப்பதுதான் கெடுதல். அரிப்புக்கு, தூக்கத்தை வரவழைக்காத ஆன்டிஹிஸ்டமின் (ஹிஸ்டமினைத் தடுக்கும்) மருந்தை மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கலாம். ஏற்கெனவே ஒவ்வாத உணவைத் தவிர வேறெதையும் நிறுத்தாதீர்கள். பத்தியம் என்ற பெயரில் வளரும் குழந்தையைப் பட்டினி போடுவதை நான் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன்.

தடுப்பூசிகளை விடாமல் போடுங்கள். போட்டபின் சற்று நேரம் அங்கேயே இருங்கள். ஆஸ்பிரின், கோடீன், மார்பின் போன்ற வலி மருந்துகள் சிலருக்கு மாஸ்ட் செல்களைத் தூண்டுவதால், எந்த மருத்துவரிடம் சென்றாலும், குறிப்பாக அறுவைச் சிகிச்சைக்கும் மயக்க மருந்துக்கும் முன்பு, நோயின் பெயரை எழுதிய சீட்டைக் காட்டுங்கள். உடல் முழுவதும் சிவந்து, மூச்சுத் திணறியோ வாந்தி எடுத்தோ குழந்தை துவண்டால், அது அட்ரினலின் ஊசி தேவைப்படும் அவசரநிலை. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மாஸ்ட் செல்களின் மொத்தச் சுமையை ஓரளவு காட்டும் டிரிப்டேஸ் இரத்தப் பரிசோதனையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். புள்ளிகள் உடலின் பெரும்பகுதியை மூடியிருந்தால் அது அவசியம்.

அடுத்த குழந்தையைப் பற்றிய அச்சமும் பெரும்பாலும் தேவையற்றது. 'கிட்' என்னும் மரபணுவில் நேரும் மாற்றமே இதற்குப் பொதுவான காரணம் என்றாலும், அது கருவுற்ற பின் சில அணுக்களில் மட்டும் தானாக நிகழ்வது. பெற்றோரிடமிருந்து வருவது மிக அரிது. குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படிப் புள்ளிகள் இல்லையெனில், நீங்கள் அடுத்த குழந்தையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.