குவாண்டமும் உயிரும்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். அரசுக் கல்லூரி ஒன்றில் இளநிலை இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பாவுக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான்தான்.

வெளிநாட்டு அறிவியல் அமைப்பு ஒன்று கட்டுரைப் போட்டி அறிவித்திருக்கிறது. குவாண்டம் இயற்பியலுக்கும் உயிருக்கும் என்ன தொடர்பு என்பதுதான் பொருள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று போட்டிருக்கிறார்கள். எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் பேராசிரியர்களும் ஆய்வாளர்களும் எழுதும் இடத்தில் நான் என்ன புதிதாகச் சொல்லிவிட முடியும் என்ற தயக்கமும் இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் துகளுக்கு ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்த்திருக்கிறோம். அதைத் தாண்டி எனக்குத் தெரிந்ததெல்லாம் காணொலிகளில் பார்த்ததுதான். 'இலை என்பது இயற்கை செய்த குவாண்டம் கணினி' என்று ஒன்றில் சொன்னார்கள். அதிலிருந்து தொடங்கலாமா? மனித உணர்வே குவாண்டம்தான் என்றும், 'அண்டத்தில் உள்ளதே பிண்டத்தில்' என்று சித்தர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள் என்றும் எழுதினால் தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டுரை என்று தனித்துத் தெரியும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அவசியம் எழுதுங்கள். தயங்குவதற்கு நீங்கள் சொல்லும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இத்தகைய போட்டியில் யாரும் உங்களிடம் புதிய கண்டுபிடிப்பை எதிர்பார்க்கப் போவதில்லை. எது நிறுவப்பட்டது, எது இன்னும் வாதத்தில் இருக்கிறது, எது வெறும் ஆசை என்று பிரித்தறியும் தெளிவைத்தான் எதிர்பார்ப்பார்கள். சென்னையில் இருந்துகொண்டு உயிரின் இயற்பியலைப் பற்றிப் பேச முடியுமா என்ற ஐயம் உங்களுக்கு இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். நம் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதம் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட வடிவம் உடையது என்று ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் முன்வைத்தது சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துதான்.

எழுதுவதற்கு முன் கேள்வியைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். எர்வின் ஷ்ரோடிங்கர் 1943இல் டப்ளின் நகரில் 'உயிர் என்றால் என்ன?' என்று சில சொற்பொழிவுகள் ஆற்றினார். அடுத்த ஆண்டு அவை நூலாக வந்தன. மரபுச் செய்தியைத் தாங்கும் பொருள் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வராத ஒரு படிகமாக இருக்க வேண்டும் என்றும், தலைமுறை தலைமுறையாக அது சிதையாமல் இருப்பதற்குக் குவாண்டம் விதிகளே காரணம் என்றும் அவர் வாதிட்டார். அணுக்கள் பிணைந்து மூலக்கூறாக நிற்பதே குவாண்டம் விதியால்தான் என்பதால், அந்தப் பொருளில் எல்லா உயிரும் குவாண்டம் சார்ந்ததுதான். ஆனால் அப்படிப் பார்த்தால் சமையலறை உப்பும் அப்படித்தான். அதை மட்டும் எழுதினால் கட்டுரை ஓர் அடி கூட நகராது.

கடினமான கேள்வி அதற்கு அடுத்ததாக வருகிறது. உயிரணுவின் உட்புறம் வெதுவெதுப்பானது, ஈரமானது, மூலக்கூறுகள் ஓயாமல் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கும் இடம். விடியற்காலைக் காசிமேட்டு மீன் ஏலத்தின் நடுவே ஒருவர் முணுமுணுப்பது எப்படிக் காதில் விழாதோ, அப்படி அங்கே, ஒரு துகள் ஒரே நேரத்தில் பல நிலைகளில் இசைந்து நிற்கும் நுண்மையான குவாண்டம் ஒழுங்கு உடனே கரைந்துவிடும் என்பதுதான் இயற்பியலாளர்களின் இயல்பான எதிர்பார்ப்பு. அதையும் மீறி அந்த ஒழுங்கு எங்கே பிழைத்து நிற்கிறது, நின்று உயிருக்கு என்ன வேலை செய்து கொடுக்கிறது, அதைக் காட்டிய சோதனை 'இல்லை' என்றும் விடை சொல்லியிருக்கக் கூடிய சோதனைதானா என்ற மூன்றையும் நீங்கள் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு எடுத்துக்காட்டிடமும் கேளுங்கள். என் பார்வையில் ஒரு நல்ல கட்டுரைக்கு இது போதும்.

பெட்டிக்குள் துகளைத் தீர்த்துவிட்டீர்கள் என்றால், பாடநூலில் அதையொட்டியே வரும் ஆற்றல் தடுப்பையும் தீர்த்திருப்பீர்கள். தாண்டப் போதிய ஆற்றல் இல்லாத துகளும் தடுப்பின் மறுபுறம் வெளிப்படுவதற்கு ஒரு வாய்ப்பு உண்டு. துகளின் நிறை கூடக் கூட அந்த வாய்ப்பு மிக விரைவாகச் சரியும். உயிரினங்களில் இந்த ஊடுருவல் நடக்கிறது என்பதில் இன்று ஐயமில்லை. டிவால்ட், சான்ஸ் என்ற இருவர் 1966இல் ஒளிச்சேர்க்கை செய்யும் ஒரு பாக்டீரியாவைக் குளிர்வித்துப் பார்த்தபோது, ஒரு கட்டத்துக்குக் கீழே வெப்பநிலை எவ்வளவு குறைந்தாலும் அதில் எலக்ட்ரான் கைமாறும் வேகம் குறையவில்லை. வெப்பத்தின் உதவியால் தடுப்பை ஏறிக் கடப்பதாக இருந்தால் அந்த வேகம் விழுந்திருக்க வேண்டும். நாம் மூச்சுவிடும்போது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எலக்ட்ரான்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கைமாறுவதும் இவ்வாறுதான்.

புரோட்டானும் ஹைட்ரஜன் அணுவும் ஊடுருவுகின்றன என்பதைக் காட்ட அமெரிக்க வேதியியலாளர் ஜூடித் கிளின்மன் கையாண்ட வழியை நீங்கள் விரிவாகவே எழுதலாம். 1989இல் அவருடைய குழு ஈஸ்ட்டின் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் நொதியை எடுத்துக்கொண்டு, வினையில் இடம்பெயரும் ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கனமான ஐசோடோப்புகளை வைத்து வேகங்களை ஒப்பிட்டது. வேதியியல் ஒன்றேதான், நிறை மட்டுமே வேறு. பின்னர் சோயா மொச்சையின் லிபாக்சிஜினேஸ் நொதியில், ஹைட்ரஜன் இருந்த இடத்தில் அதைப்போல இரு மடங்கு நிறையுள்ள டியூட்டிரியத்தை வைத்ததும் வினை ஏறத்தாழ 80 மடங்கு மெதுவானது. ஊடுருவல் இல்லாத பழைய கணக்கு அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 7 மடங்கை மட்டுமே அனுமதிக்கும். நிறை இரட்டிப்பானால் அடுக்குக்குறி எத்தனை மடங்காகும் என்பதை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். நொதிகள் இந்த ஊடுருவலுக்கென்றே பரிணாமத்தில் செதுக்கப்பட்டனவா, அல்லது எங்கும் நடப்பது அங்கும் நடக்கிறதா என்பது மட்டும் இன்னும் தீராத வாதம்.

இனி உங்கள் இலைக்கு வருகிறேன். 2007இல் பெர்க்லியில் கிரஹாம் ஃப்ளெமிங்கின் குழு, ஒளியாற்றலைக் கடத்தும் ஒரு புரதத்தின்மேல் மிகக் குறுகிய லேசர் துடிப்புகளைச் செலுத்தியபோது கிடைத்த சமிக்ஞை ஏறி இறங்கி அலைந்தது. 600 ஃபெம்டோ வினாடிகளுக்கும் மேலாக அது நீடித்தது (ஃபெம்டோ வினாடி என்பது ஒரு வினாடியின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு). ஆற்றல் எல்லாப் பாதைகளையும் ஒரே நேரத்தில் துழாவிச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கிறது என்ற விளக்கமும் குவாண்டம் கணினி என்ற பேச்சும் அங்கிருந்துதான் கிளம்பின. ஆனால் சோதிக்கப்பட்டது இலை அன்று. பசுங்கந்தக பாக்டீரியாவின் புரதம், அதுவும் 77 கெல்வினில், அதாவது சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 196 டிகிரி செல்சியஸ் குளிரில். 2017இல் அதே புரதத்தைச் சாதாரண வெப்பநிலையில் அளந்தபோது எலக்ட்ரான் நிலைகளின் ஒத்திசைவு, அதாவது முன்பு சொன்ன குவாண்டம் ஒழுங்கு, ஏறக்குறைய 60 ஃபெம்டோ வினாடிகளில் மறைந்துவிட்டது. 2020இல் பல ஆய்வுக்குழுக்களைச் சேர்ந்தவர்கள் இணைந்து எழுதிய மதிப்பாய்வு, நெடுநேரம் நீடித்த அந்த அலைவு பெரும்பாலும் மூலக்கூறு அதிர்வுகளின் அலைவே என்று முடிவுக்கு வந்தது. ஒளி ஊட்டிய ஆற்றல் ஒரே நிறமி மூலக்கூறில் நிற்காமல் அண்டை நிறமிகளிலும் பரவியிருப்பது குவாண்டம் விளைவுதான், அதை யாரும் மறுக்கவில்லை. கைவிடப்பட்டது கணினிக் கதை மட்டுமே. காணொலிகள் இன்னும் 2007இலேயே நிற்கின்றன. நீங்கள் 2020 வரை வந்து, அந்தத் திருத்தம் எப்படி நிகழ்ந்தது என்று எழுதினால் அந்த ஒரு பகுதிக்காகவே நடுவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று நம்புகிறேன். ஓர் அழகான கருத்தை அதன் துறையே சோதித்துக் கைவிட்ட கதை அறிவியல் கட்டுரைகளில் அரிதாகத்தான் எழுதப்படுகிறது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பறவையை எடுத்துக்கொள்வேன். ஐரோப்பிய ராபின் என்ற சிறு பறவை இரவில் வலசை போகிறது. அதன் காந்த உணர்வு வடக்கையும் தெற்கையும் பிரிப்பதில்லை, புவிக்காந்தக் கோடுகள் தரையோடு எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கின்றன என்பதையே உணர்கிறது என்று வொல்ஃப்காங் வில்ட்ஷ்கோவும் ரோஸ்விதா வில்ட்ஷ்கோவும் 1972இல் காட்டினார்கள். புவிக்காந்தம் ஓர் எலக்ட்ரானின் தற்சுழற்சியில் (ஸ்பின்) ஏற்படுத்தும் ஆற்றல் வேறுபாடோ வெப்ப ஆற்றலில் ஏறத்தாழ ஒரு கோடியில் இரண்டு பங்குதான். அவ்வளவு மெலிந்த விசை வேதிவினையை எப்படித் திருப்பும்? கிளாஸ் ஷுல்டன் 1978இல் ஒரு வழி சொன்னார். ஒளி பட்டு ஒரு மூலக்கூறில் எலக்ட்ரான் இடம்பெயரும்போது இணை சேராமல் தனித்து நிற்கும் இரண்டு எலக்ட்ரான்கள் உண்டாகின்றன. அவற்றின் தற்சுழற்சிகள் இரண்டு கூட்டு நிலைகளுக்கிடையே மாறி மாறி ஊசலாடுகின்றன. அந்த ஊசலாட்டத்தைப் புவிக்காந்தத்தின் திசை சற்றே மாற்றினால் முடிவில் கிடைக்கும் வேதிப்பொருளின் அளவும் மாறும். 2000இல் ஷுல்டனும் அவருடன் பணிபுரிந்தவர்களும் கண்ணில் இருக்கும் கிரிப்டோகுரோம் புரதத்தை அந்த மூலக்கூறாக முன்மொழிந்தார்கள். 2021இல் ராபினின் கிரிப்டோகுரோம் 4 காந்தப்புலத்துக்கு அசைந்து கொடுப்பதும், கோழி, புறா ஆகியவற்றின் அதே புரதத்தைவிடக் கூடுதலாக அசைந்து கொடுப்பதும் தெரியவந்தது. ஆனால் அது சோதனைக் குப்பிக்குள், புவிக்காந்தத்தைவிட மிக வலுவான புலத்தில். பறவையின் கண்ணுக்குள் இதுவே நிகழ்கிறது என்பதை இனிமேல்தான் காட்ட வேண்டும்.

இதில் ஒரு சோதனையை நீங்கள் அருகில் நின்று பார்த்ததுபோல எழுத வேண்டும். ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக வளாகத்தில், மரக்குடில்களுக்குள் புனல் வடிவக் கூண்டுகளில் ராபின்களை வைத்தார்கள். புனலின் சரிவில் கீறல் பதியும் தாள்; வலசைப் பருவத்தில் பறவை எந்தப் பக்கமாகத் தாவித் தாவிக் கீறுகிறதோ, அதுவே அது போக விரும்பும் திசை. அங்கே பறவைகளுக்குத் திசை பிடிபடவே இல்லை. வெளியிலிருந்து வரும் மின்காந்த இரைச்சலைத் தடுக்கக் குடிலின் உட்புறத்தை அலுமினியத் தகட்டால் மூடி, அந்தத் தகட்டை எர்த் செய்தவுடன் கீறல்கள் ஒரு திசையில் குவிந்தன. எர்த் இணைப்பைக் கழற்றியதும் மறுபடி சிதறின. 2014இல் வெளியான இந்த முடிவு 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான மின்காந்த இரைச்சலைப் பற்றியது. செல்போன் கோபுர அலைகள் இந்த நெடுக்கத்துக்கு வெகுதூரம் மேலே இருப்பவை. எண்ணூர் அனல்மின் நிலையங்களிலிருந்து வரும் உயரழுத்தக் கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் வெகுதூரம் கீழே இருப்பது. ஆகவே கோபுரங்களால் சிட்டுக்குருவி அழிந்தது என்ற பேச்சுக்கு இதைச் சான்றாகக் காட்டாதீர்கள். இவ்வளவு மெலிந்த இரைச்சல் ஏன் பறவையைக் குழப்ப வேண்டும் என்பது ஷுல்டனின் கொள்கைக்கே இன்னும் சவாலாக இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் கட்டுரை எங்கிருந்து எழுதப்பட்டது என்பது தெரிய வேண்டும் என்று நானும் விரும்புகிறேன், ஆனால் வேறு வழியில். பழவேற்காட்டுப் பூநாரைகள் கண்ணுக்கு அழகானவை என்றாலும் ராபினில் கண்டதை அவற்றின்மேல் ஏற்றிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. நடு ஆசியாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் குளிர்காலத்துக்கு இங்கே வரும் நாணல் கதிர்க்குருவி, ராபினைப் போலவே சிறிய, இரவில் பறக்கும் பறவை. ஓல்டன்பர்க்கில் காந்தக் கோடுகள் 65 பாகைக்கும் மேலாகச் சாய்ந்திருக்கின்றன. காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகக் கிடக்கும் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால் சென்னையில் அந்தச் சாய்வு மிகக் குறைவு. சாய்வை மட்டும் நம்பும் ஒரு திசைகாட்டி இந்த அட்சரேகையில் எந்த அளவுக்கு உதவும்? உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் காந்த ஊசியின் சாய்வை அளக்கும் சாய்வு வட்டக் கருவி இருந்தால் அந்தச் சாய்வை நீங்களே அளந்து, அந்தக் கோணத்திலிருந்து இந்தக் கேள்வியைத் தொடங்கலாம். ஐரோப்பாவில் இருக்கும் போட்டியாளர் ஒருவருக்கு இது எளிதில் தோன்றாது.

மனித உணர்வைப் பற்றி இந்தக் கட்டுரையில் எழுத வேண்டாம். இயற்பியலாளர் பென்ரோஸ், மயக்கவியல் மருத்துவர் ஹாமராஃப் இருவரும் உணர்வுக்குச் சொல்லும் கொள்கை நரம்பணுக்களின் உள்ளே சட்டகம்போல இருக்கும் நுண்குழல்களில் குவாண்டம் நிலை நீடிக்க வேண்டும் என்று கேட்கிறது. 2000இல் மாக்ஸ் டெக்மார்க் போட்ட கணக்கு, மூளையில் அத்தகைய நிலை அதிகம் போனால் ஒரு வினாடியின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குதான் தாங்கும் என்றது. நரம்பின் துடிப்புக்கோ ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி தேவை. ஹாமராஃப் தரப்பு அந்தக் கணக்கை மறுத்தது, வாதம் தொடர்கிறது. அதைத் தீர்த்துவைக்கச் சில பக்கங்கள் போதாது. சித்தர் வாக்கு தன்னை அறியும் வழியைச் சொல்வது. அதை ஒரு சோதனை முடிவுக்குச் சான்றாக நிறுத்தினால் வாக்கும் சிறுக்கும், சோதனையும் சிறுக்கும். எனக்கு அந்த மரபின்மேல் இருக்கும் மதிப்பினாலேயே இதைச் சொல்கிறேன்.

எழுத்து முறையைப் பற்றி மிகக் கொஞ்சம். ஒரு சமன்பாட்டுக்கு மேல் வேண்டாம். அது ஊடுருவல் வாய்ப்பாக இருக்கட்டும், அல்லது சாய்வுக் கோணமாக இருக்கட்டும். 2007ஆம் ஆண்டுக் கட்டுரையையும் 2020ஆம் ஆண்டு மதிப்பாய்வையும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து ஒரே நாளில் அடுத்தடுத்து வாசியுங்கள். சுருக்கமும் படங்களும் புரிந்தாலே போதும். முதல் வரைவை இயற்பியல் படிக்காத, தாவரவியலோ விலங்கியலோ படிக்கும் தோழி ஒருவரிடம் கொடுத்து, எங்கே நின்றுவிட்டார் என்று மட்டும் கேளுங்கள். கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே எனக்கு அனுப்பிவிட்டால் நிதானமாகப் பார்த்துத் தருகிறேன். முழுவதும் முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஊசி காட்டிய கோணமும் கதிர்க்குருவி பற்றிய பகுதியும் இருந்தால் முதலில் அதையே அனுப்புங்கள்.

அன்புடன்