பேரன் பெயரும் பிறந்த ஆண்டும் வங்கிக் கடவுச்சொல்லுக்குப் போதுமா?

கேள்வி: ஓய்வூதியம் வரும் கணக்குக்கு இணைய வங்கி வசதி பெற்றிருக்கிறேன். பேரனின் பெயர், அதில் ‘ஏ’ எழுத்துக்குப் பதிலாக @ குறி, கடைசியில் அவன் பிறந்த ஆண்டு, இதுதான் என் கடவுச்சொல். மின்னஞ்சலுக்கும் அதுவே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கி மாற்றச் சொல்லும்போது ஆண்டில் ஒன்றைக் கூட்டிவிடுவேன். இது போதுமா? மறக்காமலிருக்க டைரியில் எழுதி வைக்கலாமா?

பதில்: போதாது. தாங்கள் சொன்னவற்றில் பெரிய குறை பேரனின் பெயர்கூட அல்ல, மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் ஒரே கடவுச்சொல் இருப்பதுதான். சில முறை தவறாக உள்ளிட்டாலே வங்கித் தளம் கணக்கை முடக்கிவிடும் என்பதால், அங்கே ஒவ்வொன்றாக முயன்று பார்க்க யாராலும் முடியாது. திருடர்கள் வேறு வழியில் வருகிறார்கள்: பாதுகாப்புக் குறைந்த ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் எடுத்துக்கொண்டு, அதே ஜோடி வேறெங்கெல்லாம் திறக்கிறது என்று சோதிக்கிறார்கள். 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து சுமார் 3.2 கோடி கடவுச்சொற்கள் எந்த மறைப்பும் இல்லாமல் வெளியே வந்தன. அவற்றுள் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. இத்தகைய பட்டியல்களிலிருந்துதான் திருட்டு மென்பொருள்கள் நம் பழக்கங்களைக் கற்றன. @ போடுவதும் ஆண்டைச் சேர்ப்பதும் அவை முதலிலேயே முயலும் வித்தைகள்.

பணம் அனுப்ப ஓடிபி வேண்டுமே என்று தாங்கள் கேட்கலாம். உள்ளே நுழைந்தவர் தங்கள் இருப்பையும் கடைசிப் பரிவர்த்தனையையும் பார்த்துவிட்டு, வங்கியிலிருந்து பேசுவதாகத் தொலைபேசியில் அழைத்து, அந்தத் தொகையைச் சரியாகச் சொன்னால், ஓடிபியைச் சொல்லிவிடாதவர்கள் குறைவு.

இனி, நல்ல கடவுச்சொல். ஒரு தமிழ் அகராதியைக் கண்போன போக்கில் நான்கு இடங்களில் திறந்து, பக்கத்துக்கு ஒரு பழகிய சொல்லாக எடுங்கள். முறம், நண்டு, ரயில், ஏணி என்று வந்ததாக வைத்துக்கொள்வோம் (அச்சில் வந்துவிட்டதால் இதையே வைக்க வேண்டாம்). ஆங்கில எழுத்தில் தட்டினால் 18 எழுத்துகள். வங்கி கேட்கும் எண்ணையும் குறியையும் நடுவில் எங்காவது நுழைத்து, ஓர் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கினால் 20. தளம் அத்தனை நீளத்தை ஏற்காவிட்டால் குட்டையான சொற்களாகப் பார்த்து எடுக்கலாம். நண்டு ரயிலில் ஏணி போட்டு ஏறுவதாக ஒரு காட்சியை நினைத்துக்கொண்டால் மறக்காது. பெயர் 5,000, ஆண்டு 100, குறி 10 என்று தாராளமாக வைத்தாலும் தங்கள் முறையில் 50 லட்சம் வாய்ப்புகளே. 2,000 சொற்களிலிருந்து நான்கை எடுத்தால் 16 லட்சம் கோடி. சொற்களைத் தாங்களே யோசித்துத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும், குறளடியோ பாட்டுவரியோ எடுத்தாலும் அப்படித்தான்.

காலக்கெடு வைத்து மாற்றச் சொல்வதை அமெரிக்காவின் தேசிய தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2017-லேயே கைவிடச் சொல்லிவிட்டது, ஏனெனில் கட்டாயப்படுத்தினால் எல்லோரும் தங்களைப் போல ஒன்றைக் கூட்டுகிறார்கள். நம் வங்கி கேட்கும்வரை வேறு வழியில்லை. அகராதியை மறுபடி திறங்கள்.

டைரி விஷயத்தில், எங்கும் எழுதக் கூடாது என்பதே வங்கிகளின் வழக்கமான அறிவுரை. மறதியால் எளிய கடவுச்சொல்லுக்குத் திரும்புவதைவிட, மூன்று சொற்களை மட்டும் எழுதி, நான்காவதையும் எண்ணையும் குறியையும் மனத்தில் வைப்பது மேல் என்பது என் கருத்து. பயனர் பெயர் அந்தப் பக்கத்தில் இருக்கக் கூடாது. வாட்ஸப்பில் தனக்குத்தானே அனுப்பி வைத்துக்கொள்வது கூடவே கூடாது.

எத்தனை வலுவான கடவுச்சொல்லையும் போலித் தளத்தில் நாமே தட்டிக் கொடுத்துவிட்டால் பயனில்லை. ரிசர்வ் வங்கியின் 2025 உத்தரவுப்படி இந்திய வங்கிகளின் முகவரிகள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாமல் முகவரியைத் தாங்களே தட்டுங்கள். தெரியாத பரிவர்த்தனை தென்பட்டால் உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள். தவறு தங்களுடையதோ வங்கியுடையதோ அல்லாதபோது, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் புகார் செய்தால் இழப்பு தங்கள் தலையில் விழாது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதி வகுத்தது. கடவுச்சொல்லைத் தாங்களே பிறரிடம் சொல்லியிருந்தால், புகார் செய்யும்வரையிலான இழப்பு முழுவதும் தங்களுடையதே.