தீயணைப்புப் படகு தண்ணீரைப் பீய்ச்சும்போது பின்னால் தள்ளப்படாதா?

கட்டாயம் தள்ளப்படும். நிமிடத்துக்கு 6,000 லிட்டர் தண்ணீர், நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வெளியேறினால், சுமார் 400 கிலோ எடைக்குச் சமமான விசை படகை எதிர்ப்பக்கம் தள்ளும். பக்கவாட்டில் பீய்ச்சினால் படகு சாயவும் செய்யும். அதனால் ஓட்டுபவர் இன்ஜினை நிறுத்துவதே இல்லை. விசையைக் கூட்டியும் குறைத்தும் படகை ஒரே இடத்தில் பிடித்து வைக்கிறார். அவரிடம் சொல்லாமல், தண்ணீரைப் பீய்ச்சும் பீரங்கியை மூடவே கூடாது. எதிர்விசை சட்டென்று நின்றால் படகு எரியும் கப்பலை நோக்கிப் பாயும்.

தண்ணீர் படகின் அடிப்பகுதியிலுள்ள திறப்பு வழியாக, சல்லடையைத் தாண்டிப் பம்புக்கு வருகிறது. ஆழமில்லாத இடத்தில் சேறோ பிளாஸ்டிக் பையோ சல்லடையை அடைத்தால், பம்புக்குள் கூழாங்கல் உருள்வதுபோல் சத்தம் கேட்கும். உடனே பம்பின் வேகத்தைக் குறைத்து, மாற்றுச் சல்லடைக்குத் திருப்ப வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, எரியும் கப்பலுக்குள் தேங்கும் தண்ணீர். 1942இல் நியூயார்க்கில் 'நார்மண்டி' கப்பலில் பற்றிய தீ கட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் மேல்தளங்களில் தேங்கிய நீரின் எடையால் கப்பலே கவிழ்ந்தது. எனவே வெளிப்பக்க இரும்பைக் குளிர்விக்கத் தாராளமாகப் பீய்ச்சலாம். உள்ளே அடிக்கும் ஒவ்வொரு டன் நீருக்கும் கணக்கு வேண்டும், அது வெளியேற வழியும் வேண்டும்.